வாத்தியார்கிட்ட இல்லாத முகம்

…அந்த நூலத் தொடாதீங்க கங்காணியய்யா, புண்ணியமாப் போகும். மேலருந்து கீழ கொஞ்சம், இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் கொஞ்சம், வாசக்கால் பூரா கட்டம் கட்டமா நானே ஆணி அடிச்சு இழுத்துக் கட்டினது. ஆணிக்குத் தெரு பூரா அலைஞ்சு… சரி, அத விடுங்க. நீங்க பாட்டுக்கு வாசலுக்கு உள்ள அந்தக் கதிரையில அப்படியே இருங்க, கும்பிட்ட கை கும்பிட்ட மாதிரி. தலப்பா சரியாத்தான் இருக்கு. வாயத் தொறக்கக் கூடாது, மீசை ஆடுது. நீங்க பேசாததுக்கும் சேத்து நான் பேசிக்கறேன். அதுல எனக்கு ஒண்ணும் சிரமம் இல்ல.

அவரப் பாக்காதீங்க. முத்தத்துல பலகைய மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காரே எங்க வீட்டுக்காரரு, அந்தப் பக்கமே கண்ணு போகக்கூடாது. நீங்க பாத்தா அவருக்குக் கை நடுங்கும். இவரு செவுத்துல எழுதின சாமி எதுவும் இதுவரைக்கும் இவரத் திரும்பிப் பாத்தது கெடையாது பாருங்க, பழக்கமில்ல. என்னப் பாருங்க. அவரு பக்கத்துலயேதான் ஒக்காந்திருக்கேன், நான் அரிசியில கல்லு பொறுக்கறதப் பாருங்க. அவரு காதுல விழுந்துருமேன்னு நெனக்காதீங்க. எழுத ஒக்காந்துட்டா அந்தக் காதுல பறை அடிச்சாலும் ஏறாது.

எதுக்கு இந்த நூலுன்னு புருவத்தாலயே கேக்கறீங்க. புருவத்த எறக்குங்க, சொல்றேன்.

காலையில நீங்க ஆத்துல தோணி ஏறி, அப்புறம் வண்டி ஏறி, பல்லேகலப் பக்கத்துலருந்து வந்து எறங்கினீங்க இல்லையா. உங்களப் பலா மரத்தடியில ஒக்கார வச்சு, மோரக் குடுத்துட்டு உள்ள வந்து பாத்தா இவரக் காணோம். தேடினா அடுப்படியில, வெறகுக்குப் பின்னால நிக்கறாரு. என்னப் பொண்ணு பாக்க வந்தப்போ நான்கூட அப்படி ஒளியல. என்ன சங்கதின்னு கேட்டேன்.  கடைசியில மெதுவாச் சொன்னாரு: “அங்கம்மா, இந்த முகம் வாத்தியார்கிட்ட இல்ல.”

இல்லையாமே. பொறந்ததுலருந்து அந்த முகத்தச் சொமந்துக்கிட்டு நீங்க நடமாடறீங்க. அந்த முகத்தக் கண்டுதான் கோப்பித் தோட்டத்துல அத்தன சனமும் விடியக்கால பெரட்டுல பேரு குடுக்க வரிசையா நிக்குது. ஆனா இவருக்குப் படம் எழுதப் பழக்கின சேதுராமன் வாத்தியாரோட தாள்ல இல்ல, அதனால அப்படி ஒரு முகமே ஒலகத்துல கெடையாது.

நான் என்ன செய்ய. யோசிச்சேன். சின்னப் படத்தப் பெரிய செவுத்துல ஏத்தணும்னா வாத்தியாரு படத்து மேல கட்டம் போடுவாரு, செவுத்துலயும் கட்டம் போடுவாரு. இந்தக் கட்டத்துல இருக்கிறது அந்தக் கட்டத்துல, அவ்வளவுதான் வித்தை. சரி, கங்காணியையும் ஒரு படமாக்கிட்டாப் போச்சுன்னு வாசக்கால்ல நூலக் கட்டினேன். சட்டமும் ஆச்சு, கட்டமும் ஆச்சு. “இந்தாங்க, இதுவும் ஒரு தாளுன்னு நெனச்சுக்கங்க. இருக்கிறத இருக்கிறபடி எடுங்க. ஒண்ணும் கூட்டவேணாம், ஒண்ணும் குறைக்கவேணாம்”னு சொல்லி, வெறுந்தாள வச்சுப் பலகையக் கையில குடுத்தேன். இப்ப கரி ஓடுது பாருங்க… இல்ல இல்ல, பாக்காதீங்க. நான் பாத்துச் சொல்றேன். ஓடுது.

வெளையாட்டில்ல ஐயா. நீங்களே காலையில சொன்னீங்க, தோட்டத்து மாரியம்மன் கோயில் செவுத்துல, அம்மன் காலடியில, கும்பிட்ட கையோட நீங்க நிக்கணும்னு. பாக்கிற சனம் இது நம்ம கங்காணின்னு சொல்லணும்னு. அப்படி முகம் விழுந்துட்டா செவுரு பூரா இவருக்குத்தான்னு. விழலேன்னா எங்களுக்கு வேற போக்கு இல்ல. வாத்தியார்கிட்டத் திரும்பப் போக முடியாது. ஏன் போக முடியாதுன்னா… அதயும் சொல்றேன், கொஞ்சம் பொறுங்க. இந்தச் செவுரும் கெடைக்கலேன்னா உங்க தோட்டத்துக்கே கூடையக் கட்டிக்கிட்டுக் கோப்பிப் பழம் பறிக்க வரணும். நான் பறிச்சிருவேன். இவரு ஒவ்வொரு பழத்தையும் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு நிப்பாரு, நீங்களே மொத நாள் வெரட்டிருவீங்க.

வாத்தியார்கிட்டப் பழகறதுன்னா என்னன்னு நெனச்சீங்க. மொதல்ல தாமர இதழு. வாத்தியாரு எழுதின இதழப் பாத்து அதே மாதிரி இதழு, நாளெல்லாம் இதழு. அப்புறம் சாமியோட கால் வெரலு. நான் கல்யாணம் முடிச்சு வந்தப்போ இவரு கால் வெரல்ல இருந்தாரு. மொழங்காலுக்கு ஏறதுக்குள்ள எனக்கு வயித்துல புள்ள நின்னுருச்சு. அம்மன் இடுப்புக்கு இவரு வந்தப்போதான் தொட்டில்ல தூங்குறானே, இவன் பொறந்தான். கழுத்துக்கு வந்தப்போ இவன் தவழ்றான். முகத்தத் தொட விட்டது போன பெரஹராத் திருவிழாவுக்கு அப்புறம்தான். அதுவும் சொந்தமா இல்ல. தாளு.

தாளுன்னா, வாத்தியாருக்குத் தஞ்சாவூர்ல அவரு வாத்தியாரு குடுத்தது. அவருக்கு அவரு வாத்தியாரு. படத்துக் கோட்டு மேல ஊசியால ஓட்டை ஓட்டையாக் குத்தி வச்சிருப்பாங்க. அதச் செவுத்துல வச்சு, கரித்தூளத் துணியில கட்டி மேல தட்டினா ஓட்டை வழியாப் புள்ளி புள்ளியா விழும். புள்ளியச் சேத்தா முருகன். இன்னொரு தாளு, இன்னொரு தட்டு, வள்ளி. மனுசன் பொறக்கறதுக்குக்கூட இவ்வளவு சுலபமா வழி இல்ல.

பாத்துப் பழகறதே தப்புன்னு நான் சொல்லல. நானும் ஊர்ப் பள்ளிக்கூடத்துல மணல்ல வாத்தியாரு எழுதின ‘அ’னா மேலயே வெரல ஓட்டி ஓட்டித்தான் படிச்சேன். வெரல் எரிஞ்சுது, எழுத்து வந்துச்சு. வந்தப்புறம் மணலக் கலைச்சுட்டு எங்க ஆட்டுக்குட்டி பேர எழுதினேன். அதுக்கு யாரும் எனக்குத் தாளு குடுக்கல. இவங்க அந்த ‘அ’னா மேலேயே ஓட்டிக்கிட்டுக் கெழவனாயிருவாங்க போலிருக்கு.

ஒரு நாள் இவருக்குச் சோறு கொண்டு போனேன். கட்டுக்கலைத் தெருவுலதான் வாத்தியாரு பட்டறை. எளவட்டங்க வரிசையா ஒக்காந்து யானை எழுதறாங்க. வாத்தியாரு தாள்ல இருக்கிற யானை, பின்னங்கால் நாய்க்கு மடங்கற மாதிரி மடங்கும். அந்த நேரம் பாத்து வாசலோட நெசமான யானை ஒண்ணு மரம் இழுத்துக்கிட்டுப் போகுது. சங்கிலிச் சத்தம், பாகன் சத்தம், பட்டறைக்குள்ள வெளிச்சமே மறைஞ்சுது. ஒருத்தன், ஒரே ஒருத்தன் தலையத் தூக்கினான்னு சொல்லுங்க. தூக்கினாங்க, எதுக்குத் தெரியுமா? வெளிச்சத்த மறைக்குதுன்னு வையறதுக்கு. நான் இவர்கிட்டச் சொன்னேன், ஏங்க, போகுதே அதுக்குக் கால் வேற மாதிரில்ல மடங்குதுன்னு. வாத்தியாருக்குக் கேட்டுருச்சு. அந்த யானைக்கு லெச்சணம் தெரியாதுன்னு சொல்லிட்டாரு.

சிரிக்காதீங்க ஐயா. கும்பிடறப்போ யாரு சிரிப்பா. …ம்ம், அப்படித்தான்.

இன்னொரு கூத்து கேளுங்க. குளக்கரையில ஒரு தொரைசாணி கொடையப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்து குளத்த எழுதறதப் பாத்திருப்பீங்க. இவரும் ஒரு நாள் தள்ளி நின்னு பாத்துட்டு வந்தாரு. வந்தவரு சாப்பிடல. சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருக்காரு. என்னங்கன்னா, அந்தம்மாவுக்குக் குளத்தோட தாள யாரு குடுத்திருப்பான்னு என்னக் கேக்கறாரு. குளமே முன்னால கெடக்குதே, அதப் பாத்து எழுதறாங்கன்னேன். ராத்திரி பூரா பொரண்டு பொரண்டு படுத்தாரு. அதுலதான் எனக்கு மனசுல ஒண்ணு விழுந்துச்சு. இவருக்கும் உள்ளுக்குள்ள அரிக்குதுன்னு. இல்லேன்னா இன்னைக்கு இந்த நூலக் கட்டியிருக்கமாட்டேன்.

கை வலிக்குதா? கொஞ்சம்தான், தாங்கிக்கங்க. நல்ல கோட்டு போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க. தோட்டத்துத் தொரை குடுத்ததா? தோள் பக்கம் கொஞ்சம் பெரிசு, ஆனா பரவால்ல. நீங்க வண்டிய விட்டு எறங்கினப்பவே பாத்தேன். ஒரு கால முன்ன வச்சு, கைத்தடிய இப்படி ஊணி, மோவாயத் தூக்கி… அச்சு அசல் தொரையே எறங்கின மாதிரி இருந்துச்சு. நீங்களும் யாரோ ஒரு வாத்தியாரப் பாத்துத்தான் நிக்கப் பழகியிருக்கீங்க போல. கோவிச்சுக்காதீங்க, சும்மா சொன்னேன். ஒதட்ட இறுக்காதீங்க. அவரு இப்ப வாய்க்கட்டத்துல இருக்காரு.

கோப்பி எப்படி இருக்கு தோட்டத்துல? இலைக்கு அடியில ஏதோ மஞ்சத்தூள் அப்புதாமே, செடி பூரா மொட்டையாகுதாமே, சந்தையில பேசிக்கிட்டாங்க. உங்க தோட்டத்துலயுமா? …ஐயோ, நான் எதுக்குக் கேட்டேன். நெத்தி சுருங்குது. விடுங்க, தொரை பாத்துக்குவாரு. தொரை ஊருக்குக் கப்பலேறிட்டா என்ன செய்வீங்கன்னு நான் கேக்கமாட்டேன், உங்க முகம் இன்னும் எறங்கிரும்.

ஆங், வாத்தியார்கிட்ட ஏன் திரும்பப் போக முடியாதுன்னு சொல்ல வந்தேனே. வாத்தியாரு வீட்டுக் கதவு எப்படி மூடுச்சுன்னா… பூச்சிதான் காரணம். நான் இல்ல. அந்த முருகன் தாள் இருக்குதே, கன்னத்துல ஒரு இடத்துல பூச்சி அரிச்சு ஓட்டை விழுந்திருக்கு. எந்தக் காலத்துல அரிச்சுதோ. தட்டினா அது வழியாவும் கரி விழும்ல? விழுந்த புள்ளிய மைவச்சு அழுத்தி எழுதிட்டாங்க. அதப் பாத்து எழுதினவங்களும் எழுதினாங்க. இப்ப இந்தப் பக்கத்துல எந்தச் செவுத்து முருகனப் பாத்தாலும் கன்னத்துல ஒரு மச்சம். சனம் சும்மா இருக்குமா? வள்ளி வச்ச திருஷ்டிப் பொட்டுன்னு கதை கட்டிருச்சு. கல்யாணம் கூடாத பொண்ணுங்க அந்த மச்சத்துக்கு எண்ணெ தொட்டு வைக்குதுங்க.

ஒரு கோயில்ல செவுரு எழுதி முடிச்சு, திரைய எடுக்கறாங்க. பெரிய மனுசங்க எல்லாம் நிக்கறாங்க. வாத்தியாரு மச்சத்தக் காட்டி, எங்க பரம்பரை ரகசியம்னு ஆரம்பிச்சுட்டாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. புள்ளய இடுப்புல வச்சிக்கிட்டு, அடக்கித்தான் பாத்தேன். ஒரு அம்மா என்னாத்துக்குச் சிரிக்கறேன்னு கேட்டாங்க. கேட்டாச் சொல்லவேணாமா? தாள்ல பூச்சி அரிச்சதுன்னேன். மெதுவாத்தான் சொன்னேன். ஆனா கோயில் பாருங்க, கல்லுக் கட்டடம், எல்லாருக்கும் கேட்டுருச்சு. அன்னைக்கே இவரோட தூரிகைய எல்லாம் துணியில சுத்தி வாசல்ல வச்சுட்டாரு வாத்தியாரு. நான் சும்மா இருந்திருக்கணுமாம். எங்க அம்மாகூட அதத்தான் சொல்லிவிட்டிருக்கு. இவரு மட்டும் என்னத் திட்டல. திரும்பி வர்ற வழியில, அது பூச்சிதானா, உனக்கு நல்லாத் தெரியுமான்னு மட்டும் கேட்டாரு. தெரியும்னேன். 

இப்ப நீங்க எப்படி எங்ககிட்ட வந்தீங்க? அதே வாத்தியாரு உங்களுக்கு முகம் அனுப்பினாரே, உங்களக் கண்ணால பாக்காமலே. கோயில் கட்டினவன் கும்பிடற மாதிரின்னு ஒரே ஒரு தாள்தான் அவர்கிட்ட இருக்கு. பெரிய கண்ணு, கூரான மூக்கு, கெண்டை மாதிரி மீசை. மாத்தளையில ஒரு செட்டியாரும் அதே முகத்தோடதான் செவுத்துல நிக்கறாரு. செட்டியாருக்கு மீசையே கெடையாது. உங்க வீட்டம்மா அதப் பாத்துட்டு யாரு இதுன்னு கேட்டாங்கன்னு நீங்க சொன்னப்போ எனக்கு வயிறு குளுந்துச்சு. சரியான கேள்வி கேட்டாங்கன்னு…

என்னங்க? முடிஞ்சுதா?

முடிஞ்சுதாம் ஐயா. கைய எறக்குங்க. மெதுவா, மெதுவா, மரத்துப் போயிருக்கும். இருங்க, நான் மொதல்ல பாத்துடறேன்.

…அம்மாடி.

ஐயா, நீங்கதான். அப்படியே நீங்கதான். மூக்கு எடப்பக்கம் லேசாச் சாஞ்சிருக்கிறது, காதுல அந்த வெட்டு, கன்னத்து மடிப்பு… ஏங்க, இது நெசமாவே நீங்க எழுதினதா?  ஒரு தாளும் இல்லாம…

ஆனா ஐயா… ஒண்ணு இருக்கு. இல்ல, சிரிக்கல. கை என்னவோ கும்பிட்டுத்தான் இருக்கு. இந்தக் கண்ணும் இந்த வாயும்தான்… இது அம்மனக் கும்பிடற முகமாத் தெரியல. போதும் தாயே, என்ன விட்டுருன்னு கும்பிடற முகமால்ல இருக்கு. புருவம் பாருங்க, ஓட வழி தேடுது.

ஏங்க, இத எங்கருந்து எடுத்தீங்க? …இருந்தத எடுத்தேங்கறாரு. நான் சொன்னபடி ஒண்ணும் கூட்டலயாம், ஒண்ணும் குறைக்கலயாம்.

அப்ப இது என் வேலையா? நான் மஞ்சத்தூளப் பத்திக் கேட்டது, கோட்டப் பத்திப் பேசினது, எல்லாம் இதுல ஏறியிருக்கா? நெத்திக் கோட்டுல ஒவ்வொண்ணா நிக்குதே. வாய மூடிக்கிட்டு அரிசியப் பொறுக்கியிருந்தா ஒரு நல்ல முகம் விழுந்திருக்கும். செவுத்த நானே கெடுத்தேன். இன்னொரு தடவ ஒக்காருங்க ஐயா, காலப் புடிக்கறேன், ஒரு வார்த்த பேசமாட்டேன்…

என்ன சொல்றீங்க? கொஞ்சம் ஒரக்க.

…தொரை முன்னாலயா?

தெனம் பெரட்டுல தொரை முன்னால நிக்கறப்போ இந்த முகம்தானா. உங்களுக்கு எப்படித் தெரியும்? …பங்களாவுல, தொரைக்குப் பின்னால இருக்கிற கண்ணாடியில. ஒரு தடவ. சரி. சரி ஐயா. 

செவுத்துல வேணாமா? ஏன்? இது நம்ம கங்காணின்னு சனம் சொல்லணும்னுதான கேட்டீங்க. சொல்லிருமே. …சொல்லிருங்கறதுதான் கஷ்டமா.

பின்ன எதப் போடறது? வாத்தியாரு தாளா? அந்தக் கெண்டை மீசையா? ஐயா, உங்க வீட்டம்மா… இல்ல, சரி, உங்க இஷ்டம். அதப் போட்டா செவுரு இவருக்கா? பூராவுமா? அம்மன், தேரு, சுத்துக் கோலம், எல்லாமா?

கேட்டீங்களாங்க? செவுரு நமக்காம். வாத்தியாரு முகம்தான் வேணுமாம். …ஓடறாரு பாருங்க ஐயா, உள்ள ஓடறாரு. இவ்வளவு வேகமா அவரு நடந்து நான் பாத்ததில்ல. பெட்டிக்கு அடியில வச்சிருக்காரு, அந்தத் தாளப் பாத்து ஊசி குத்தி எடுத்த நகலு. கண்ண மூடிக்கிட்டுக்கூட எழுதிருவாரு அத. நல்லதுதான். அடுப்பு எரியணும், புள்ளைக்குப் பால்சோறு வேணும், நான் வேணாம்னு சொல்வேனா? உங்களுக்கும் நல்லது, அவருக்கும் நல்லது. எனக்குத்தான் என்னவோ வயித்தெரிச்சலா இருக்கு.

இந்தத் தாள என்ன செய்றது? வச்சிருக்கவா? …மடிக்கறீங்க. கோட்டுக்குள்ளயா? அழுத்தி மடிக்காதீங்க, கரி ஒட்டிரும். கிழிச்சுராதீங்க ஐயா. அவரு கையால மொத மொதல்ல… மொத்தத்துல அது ஒண்ணுதான் அவரு எழுதினது. மத்ததெல்லாம் தஞ்சாவூர்க்காரங்க எழுதினது.

அட, கங்காணி போயிட்டாரு.  வண்டிக்காரன எழுப்பறாரு பாரேன்.

…ஏங்க, பெட்டித் தாளோட வந்துட்டீங்களா. அத வைங்க. வைங்கங்கறேன், அந்த முகம் எங்கயும் ஓடிப் போகாது, நாளைக்கும் அதே மீசையோட அங்கயேதான் இருக்கும். பலகைய எடுங்க. வெளிச்சம் இன்னும் இருக்கு. நகருங்க, நான் அந்தக் கதிரையில ஒக்கார்றேன். என்ன முழிக்கறீங்க? தெனம் பாக்கிற மூஞ்சிதான. பாத்தீங்களோ என்னவோ.

இந்தா, இவனும் எந்திரிச்சுட்டான். வாடா, மடிக்கு வா. இவன் ஆடுவான், ஆடறபடியே எழுதுங்க, அவனுக்கெல்லாம் எங்க தாளு இருக்கு. நான் ஆடமாட்டேன். பேசவும் மாட்டேன். நெசமாத்தான். சிரிக்காதீங்க, நீங்க சிரிச்சா எனக்கும் வரும்… சரி. நூலு நேரா இருக்கா? என்னப் பாருங்க. நானும் உங்களப் பாப்பேன், கை நடுங்கினா நடுங்கட்டும்.

எழுதுங்க. வாய மூடிட்டேன்.